ஜோசப் வீட்டுக் காகிதப் பிசாசுகள்

தம்பி,

இதை ரயிலில் வைத்து வாசிக்காதே. வேலையால் வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றி, ஒரு தேத்தண்ணியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி. நீளமாகத்தான் எழுதப் போகிறேன். ரெலிபோனில் நான் எதையாவது சொல்லத் தொடங்கினால் நீ இடையில் "ஓகே அம்மா, ஓகே" என்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு எப்போதும் பின்னால் ஒரு மீட்டிங் இருக்கும். ஆனால் அந்த ஓகேயைக் கேட்டவுடன் சொல்ல வந்தது எனக்குள் திரும்பிப் போய்விடுகிறது. கடிதத்துக்கு நீ ஓகே சொல்ல முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, முன் அறையில் அப்பாவின் கதிரையில் ஒருவர் இருந்து மெல்லிய தாள் வெட்டிக்கொண்டிருந்தார். நிலம் முழுக்கப் பூசணி முகங்களும் கறுப்புப் பூனைகளும் கைகால் ஆடும் எலும்புக்கூடுகளும் பரப்பிக் கிடந்தன. "இவர்தான் தம்பி ஜோசப்" என்றேன். அவர் எழும்பி, "வாங்க தம்பி, வாங்க" என்றார். நீ அவரைப் பார்க்கவில்லை, கதிரையைத்தான் பார்த்தாய். பிறகு "ஐ ஹாவ் டு கோ" என்று சொல்லிவிட்டு, எனக்காகக் கொண்டுவந்த மாம்பழப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய். அந்த மாம்பழங்களை நாங்கள் வெட்டவில்லை. வீடு முழுக்க அதன் வாசம் நிற்கிறது. ஒரு கிழமையாக நீயும் ரெலிபோன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜோசப் என்ற பெயர் உனக்குப் புதிதில்லை. சிட்னியில் என்னைப்போலப் பழைய ஹலோவீன் அலங்காரங்கள் சேர்க்கிற ஒருவர் இருக்கிறார், அவருடன் எழுதிப் பழகுகிறேன் என்று சொன்னபோது, "சோ கியூட் அம்மா" என்றாய். வெள்ளைத் தாடியோடு ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவை நீ மனதில் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. அப்போது திருத்துவதற்கு எதுவும் இருக்கவுமில்லை.

இந்தக் காகிதங்கள் எப்படி வீட்டுக்குள் வந்தன என்பதை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. அப்பா செத்துப் போன பிறகு வந்த முதல் வசந்தம் அது. அவருடைய சேர்ட்டுகளை மடித்துப் பைகளில் போட்டுக்கொண்டு கிங்ஸ்வே பக்கமிருந்த, தானம் கொடுத்த பழைய சாமான் விற்கிற ஒப் ஷொப்புக்குப் போனேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன், அழவுமில்லை. பைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பழைய வாழ்த்து அட்டைகள் கிடந்த கூடைக்குள் தட்டையான ஒரு மட்டை. புத்தக அட்டை போலிருந்தது. எடுத்து விரித்தேன். உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய செம்மஞ்சள் தாள், தேன்கூடு திறப்பதுபோல விரிந்து விரிந்து, கையில் ஒரு முழுப் பூசணிக்காய் உருண்டு நின்றது. அதற்கு இரண்டு கண், ஒரு கோணல் சிரிப்பு. தம்பி, அந்தக் கடைக்குள் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். காசு வாங்குகிற பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து குசினி மேசையில் அதை வைத்துவிட்டுப் பின்னேரம் முழுவதும் அதன் முன்னால் இருந்தேன். யன்னல் வெளிச்சம் அந்தத் தாளுக்குள் புகுந்து, உள்ளே ஏதோ விளக்குக் கொளுத்தி வைத்ததுபோல இருந்தது. எழும்பிச் சமைக்க வேண்டும் என்ற நினைவே வரவில்லை. வெயில் மேசையை விட்டு இறங்கி நிலத்துக்குப் போய், பிறகு சுவரில் ஏறியது.

ஏன் அது எனக்கு அவ்வளவு பிடித்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் நான் தொட்ட ஒவ்வொன்றும் அப்பாவுடையது, அல்லது நானும் அப்பாவும் வாங்கியது, அல்லது நீ சின்னனில் உடைத்தது. கரண்டியைத் தொட்டால் ஒரு நினைவு, கதவுப் பிடியைத் தொட்டால் ஒரு நினைவு. இந்தப் பூசணி ஒன்றில் மட்டும் எனக்கு ஒரு நினைவும் இல்லை. நான் பிறந்த இடத்தில் ஹலோவீன் கிடையாது. என் அம்மா அப்பா யாரும் கொண்டாடியதில்லை. அமெரிக்காவில் யாரோ ஒரு பிள்ளைக்காக யாரோ வாங்கி, ஒருநாள் தொங்கவிட்டு, எறியாமல் விட்டது. அதோடு இருக்கும்போது நான் யாருடைய விதவையும் இல்லை. வெறுமனே ஒரு மனுசி, ஒரு காகிதம், வெயில்.

அதிலிருந்து தேடத் தொடங்கினேன். சனிக்கிழமைக் காலைகளில் யாராவது இறந்துபோன வீட்டுச் சாமான் விற்பனை, கராஜ் விற்பனை, பழைய தபாலட்டை சேர்க்கிறவர்கள் கூடும் மண்டபங்கள். முதுகு வளைத்த பூனைகள் கிடைத்தன. விளக்குமாற்றில் பறக்கும் சூனியக்காரி கிடைத்தாள். மூட்டுக்கு மூட்டு சின்ன உலோக ஆணி வைத்து, நூலில் பிடித்தால் தாளம் போடுகிற எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒரு மாலைக் கொண்டாட்டத்துக்குப் பிறகு குப்பைக்குப் போகச் செய்த பொருட்கள் இவ்வளவு காலம் தப்பி நிற்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனிந்துபோகும். மஞ்சளித்துப் போகாமலிருக்க அமிலமில்லாத தாளில் சுற்றி, தட்டையான பெட்டிகளில் அடுக்கி, வெயில் படாமல் அலுமாரிக்குள் வைத்தேன்.

நீ ஒருநாள் அந்த அலுமாரியைத் திறந்தாய். ஒரு எலும்புக்கூடு மேல்தட்டிலிருந்து நழுவி உன் தோளில் விழுந்தது. "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாய். நான் "ஓம், எனக்கென்ன" என்றேன். அடுத்த கிழமை நீ எனக்கு டொக்டரிடம் ஒரு நேரம் எடுத்து வைத்திருந்தாய். அவர் என்னிடம் இன்று என்ன கிழமை, பிரதமர் யார் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் தன் மேசையை விட்டுக் கிட்ட வந்து, ரெலிபோனில் நான் காட்டிய படங்களை எல்லாம் பார்த்தார். வெளியே காருக்குள் நீ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு உன்னில் எனக்குக் கோபம் வரவில்லை. நீ பயந்திருந்தாய். ஒருவரை இழந்த பிள்ளை மற்றவரை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஜோசப் எனக்கு முதன்முதலில் எழுதக் காரணம் ஒரு காகிதப் பூனையின் வால். மடிந்த வாலை எப்படி நிமிர்த்துவது என்று சேகரிப்பாளர்களின் இணையக் குழுவில் படத்தோடு கேட்டிருந்தேன். பலபேர் பல வழி சொன்னார்கள். ஒருவர் மட்டும், என் பெயரைப் பார்த்திருக்க வேண்டும், தமிழில் எழுதியிருந்தார். எழுத்துப் பிழைகளோடு. "வால நிமித்த வேணாங்க. நிமித்துனா ஒடஞ்சிடும். மடிஞ்ச வால் பூன இன்னும் அழகு." மலேசியாவில் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, சிட்னியில் பல் வைத்தியராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கதிரையில் ஏறப் பயந்து அழுகிற பிள்ளைகளுக்காக ஒக்டோபர் மாதம் தன் கிளினிக்கில் பூசணி முகங்களைத் தொங்கவிடத் தொடங்கியிருக்கிறார். "பாருங்க, இதுக்கு ரெண்டே பல்லு. ஒழுங்கா தேய்க்கல" என்று சொன்னால் பிள்ளை சிரித்து வாயைத் திறந்துவிடுமாம். அப்படித் தொடங்கியது, வேலை முடிந்த பிறகும் அவரை விடவில்லை.

போன வருடம் ஒக்டோபர் கடைசியில், ஹலோவீனுக்கு, நான் சிட்னிக்குப் போனேன். அவருடைய வீடு ஹரிஸ் பார்க்கில், இனிப்புக் கடைகளைத் தாண்டி ஒரு சின்னத் தெருவில். நான் போய் இறங்கியபோது மத்தியானம். தெரு இரண்டு பக்கமும் ஜகரண்டா மரங்கள் பூத்து, நிலமெல்லாம் ஊதா. அந்த ஊதாவுக்கு நடுவே ஒரு பழைய வீடு, அதன் விறாந்தை முழுக்கச் செம்மஞ்சளும் கறுப்புமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் பெட்டிகளில் பூட்டிவைத்த அதே முகங்கள், அதே பூனைகள், வெயிலில், காற்றில். மீன்பிடி நரம்பில் உடுப்புக் கவ்விகளால் கோர்த்திருந்தார். எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கைகால் வீசின. பூ உதிர்ந்து அவற்றின் மேல் தங்கியது. நான் கேற்றடியிலேயே நின்றுவிட்டேன். யாரோ காணும் கனவுக்குள் விலாசம் பிழைத்து வந்துவிட்டேனோ என்றிருந்தது.

"ஏன் வெளியிலை வைச்சிருக்கிறியள்? வெயில் படுது, கிழிஞ்சு போகுமெல்லோ!" அவருடன் நேரில் நான் பேசிய முதல் வார்த்தை இது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஏணியின் மேலே நின்றவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கிழியட்டுங்க. வருசத்துல ஒரு நாளு. அதுக்குத்தான இத செஞ்சாங்க? பெட்டியிலயே கெடந்தா பாவம் லா."

பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பேய் வேசம் போட்ட குஜராத்திப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், சூனியக்காரித் தொப்பிக்குக் கீழே மல்லிகைச் சரம் தொங்க ஒரு தமிழ்ப் பிள்ளை. நான் வாசலில் கதிரை போட்டு இருந்து இனிப்புக் கொடுத்தேன். ஜோசப் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பல்துலக்கியையும் சேர்த்து வைத்தார். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. வெளிச்சம் மெல்லச் சரிந்து, காகிதங்களின் நிழல் என் சேலையில் வந்து விழுந்து ஆடியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது.

மழை சொல்லாமல் வந்தது. மேற்கே கறுத்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. முதலில் காற்று, ஒரு எலும்புக்கூடு நரம்போடு பிய்ந்து பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போனது. பிறகு கல்லெறிவதுபோலத் துளிகள். பிள்ளைகள் கத்திக்கொண்டு விறாந்தைக்கு ஏறினார்கள். நானும் அவரும் கைக்கு எட்டியதை எல்லாம் பிடுங்கினோம். நனைந்த தாளை இழுத்தால் கையோடு வரும், தெரியும், ஆனாலும் இழுத்தேன். முற்றத்து மரக்கிளையில் தனியாக ஒரு பிறை நிலா தொங்கியது. மஞ்சள் தேன்கூட்டுத் தாள், ஒரு பக்கம் நித்திரை முகம். அதைப்போல ஒன்றை நான் படத்தில்கூடக் கண்டதில்லை. அதை எடுக்க மழைக்குள் ஓடினேன்.

"விடுங்க! வழுக்கும், விழுந்துருவீங்க! உள்ள வாங்க!"

நான் கேட்கவில்லை. என் கைக்கு வந்தபோது அது ஒரு பிடி ஈரச் சக்கை. மஞ்சள் சாயம் முழங்கை வரை வழிந்தது. ஜோசப் வந்து என் கையைப் பிடித்துப் படிக்கு ஏற்றினார். பிறகுதான் என் உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே படியில் இருந்துவிட்டார்.

"அது கிரேஸ் வாங்குனது" என்றார். கிரேஸ் அவருடைய இறந்துபோன மனைவி. எனக்கு அவருடைய பெயர் தெரியும், அதற்கு மேல் எதுவும் தெரியாது. "நாங்க ரெண்டு பேரும் அமெரிக்கா போனப்ப. பிளேன்ல மடியில வச்சிக்கிட்டே வந்தா."

நானும் படியில் அவர் பக்கத்தில் இருந்தேன். மழை ஓட்டில் இரைந்தது. கொஞ்ச நேரம் போக அவர் தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து என் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக. அவசரமில்லாமல், வேறு யோசனையில் துடைப்பதுபோல. "சரி. மத்ததையாவது பாப்போம். வாங்க, காயப் போடுவோம்" என்று எழும்பினார்.

சாப்பாட்டு மேசையில் துவாய்களை விரித்து ஈரக் காகிதங்களைக் கிடத்தினோம். பல் வைத்தியத்துக்கு வைத்திருந்த சின்னக் குறட்டால் அவர் ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் இடையில் மெல்லிய தாள் வைத்தேன். சில பிழைத்தன, பல பிழைக்கவில்லை. பிழைக்காததையும் அவர் எறியவில்லை, யன்னல் ஓரம் வைத்தார். இடையில் எழும்பிப் போய் எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்தார், சீனி போடாமல். என் கடிதம் ஒன்றில் எப்போதோ எழுதியதை ஞாபகம் வைத்திருந்தார். அந்த மேசையில் இருந்துதான், தம்பி, எனக்கு விளங்கியது. இந்த மனிதரோடு இருக்கும்போது நான் களைப்படையவில்லை. எனக்கு வயது போகிறது, இனி எனக்குப் பெரிதாக என்ன வேண்டும்? அது போதும்.

திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் என் மஞ்சள் விரல்களைப் பார்த்து நீ, "வாட் ஹாப்பென்ட் டு யோர் ஹான்ட்ஸ்?" என்று கேட்டாய். மழையில் நனைந்தேன் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டொரு தடவை மெல்பேர்னுக்கு வந்தார். கேரம் டவுன்ஸ் கோவிலுக்கு என்னோடு வந்து, வெளியே செருப்புகளுக்குக் காவலாக இருந்தார். உள்ளே வரலாம் என்று சொன்னேன். "வரேன், ஆனா மொதல்ல நீங்க கும்புட்டு வாங்க, ஒங்க சாமிகிட்ட ஒங்களுக்குப் பேச இருக்கும்" என்றார். உண்மையில் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கதிரையில் இருந்துகொண்டுதான் கேட்டார். "ஒங்க பெட்டிகளயும் என் பெட்டிகளயும் ஒரே வீட்டுல வைக்கலாமா? கோயிலும் வேணாம், சர்ச்சும் வேணாம். ரெஜிஸ்டர் மட்டும் பண்ணிக்குவோம்." நான் பதில் சொல்வதற்குள் உன் சாவிச் சத்தம் கேட்டது.

அப்பா இதைக் கேட்டால் சந்தோசப்படுவார் என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. படமாட்டார். பக்கத்து வீட்டு அங்கிள் என் வடையைப் புகழ்ந்ததற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனிதர் அவர். அந்தக் கோபமும் எனக்குப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். அப்பா இருந்திருந்தால் நான் இந்த வீட்டை விட்டு ஓரடி அசைந்திருக்க மாட்டேன். அவர் இல்லை, தம்பி. உன்னைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நீ ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போய்விடுவாய்.

நீயும் உன் வீட்டுக்காரியும் இன்னும் நிறைய வருடம் சேர்ந்து இருக்க வேண்டும். அம்மா சொல்கிற புத்தியாக ஒன்றைக் கேள். அவள் எதிலாவது மனம் வைத்து விளையாடினால், அது உனக்கு விளங்காவிட்டாலும், பக்கத்தில் போய் இரு. என்னவென்று கேள். அப்பா என் தையலைப் பார்த்து ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. நானும் அவருடைய கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டதில்லை. கெட்டவர்களாக இருந்ததால் இல்லை, நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். நீ அப்படி நினைக்காதே.

நேற்று ஜோசப்புக்கு ரெலிபோன் எடுத்து ஓம் என்று சொன்னேன். அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை, எழுதப் போகிறேன் என்றேன். "தம்பி கோவிச்சுக்கிட்டா அவசரப்பட வேணாங்க. நான் எங்கயும் போயிறல" என்றார். நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஆனால் நீ இல்லாமல் அந்தப் பதிவுக் கந்தோருக்குப் போனால், என் கை பேனையைப் பிடிக்குமோ தெரியாது. இதை எழுதினால் நீ

தம்பி, மேலே அந்த வசனம் பாதியில் நிற்பதற்குக் காரணம் உனக்குத் தெரியும். நீ ரெலிபோன் எடுத்தாய். நான் பதறி மூக்குக்கண்ணாடியைத் தேத்தண்ணிக்குள் போட்டுவிட்டேன். நீ வணக்கமும் சொல்லவில்லை, அன்றைக்குப் போனதைப் பற்றியும் பேசவில்லை. "அம்மா, வாற ஞாயிறு நாங்கள் சமைக்கிறம். அவர் என்ன சாப்பிடுவார்?" என்று கேட்டாய். எனக்குச் சத்தம் வரவில்லை. "அம்மா? இருக்கிறீங்களா?" என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டதும், நான் "ஓம், ஓம், இருக்கிறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டதும் இதற்காகத்தான். அழுதுகொண்டு சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை அல்லவா, அதையும் எழுதி இன்றைக்கே தபாலில் போடுகிறேன். அவர் எல்லாம் சாப்பிடுவார், தம்பி. உறைப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடு. கத்தரிக்காய் மட்டும் வேண்டாம்.

அம்மா